அவுஸ்திரேலிய இலக்கியத்தில் பாலைப் பெருநிலம்

ஒரு நாட்டின் இலக்கியத்தை ஆராயப் புகுவோர் அந்நாட்டின் நிலப்படத்தை முதலில் விரித்து நோக்குதல் நன்று. அவுஸ்திரேலியா ஏறத்தாழ 76 இலட்சத்து 90 ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அப்பரப்பில் பத்தில் ஏழு பங்கு வறள்நிலமும் அரைவறள்நிலமுமாம். குடிமக்களுள் மிகப் பெரும்பாலார் கிழக்கிலும் தென்கிழக்கிலும் தென்மேற்கு மூலையிலும் கடலோரத்தை அணைந்து வாழ்கின்றனர். நடுவே கிடப்பது செம்மணல் மேடும் உவர்ப்படுகையும் முட்புல்லும் பாறையும் விரவிய பெருவெளி. அதன் ஒரு பகுதியைத் தன்னகத்துக் கொண்ட வட பிரதேசம் நமது இலங்கையைப் போல இருபது மடங்கு பெரியது. ஆயினும் ஆங்கு வாழ்வோர் தொகை இரண்டரை இலட்சமளவினதே. அவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் வடகரைத் துறைமுகமாகிய டார்வினையும் அதன் அயலையும் சார்ந்தோர்.

இவ்வுள்நாட்டை ஆங்கிலத்தில் 'அவுட்பாக்' என்பர். புறத்தே, பின்னே உள்ளது என்பது அதன் சொற்பொருள். இச்சொல்லே ஒரு வினாவை எழுப்புகின்றது. யாருக்குப் பின்னே? கடலை நோக்கி முகம் வைத்து, கப்பலில் வரும் கடிதத்துக்குக் காத்திருந்த குடியேறியோனுக்கே அந்நிலம் பின்புறமாயிற்று. அந்நிலத்திற் பிறந்து அந்நிலத்திலேயே முதுமை எய்தியவனுக்கு அது தன் வீடு. அவுஸ்திரேலிய ஆங்கில இலக்கியத்தில் உள்நாடு எவ்வாறு காட்டப்பட்டது என்பதை ஆராயுமிடத்து இவ்விருவர் பார்வையின் வேறுபாட்டை மறத்தலாகாது. அதனை மறந்தமையே அவ்விலக்கியத்தின் பெருங்குறை என்பதும், அம்மறதி ஏட்டளவில் நில்லாது மனித உயிர்களையும் தாக்கியது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

'பாலை' என்ற நமது சொல்லையும் ஈண்டு சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பதை இளங்கோவடிகள் தெளிவாக்கினார். அப்பாலையிலும் எயினரும் மறவரும் உளர், கொற்றவை உளள், வழிச்செல்வாரும் உளர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வமும் உணவும் விலங்கும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது நம் மரபு. வெறும் மணலும் வெயிலும் எவ்வளவு விரிந்து கிடப்பினும், அங்கு வாழ்வனவும் அவற்றின் ஒழுக்கமும் தோன்றாவிடின் அது திணையாகாது. இவ்வளவுகோலை அயல்நாட்டிலக்கியத்தின் மேல் வலிந்து ஏற்றுதல் முறையன்றாயினும், கேட்கவேண்டிய கேள்வியை அது நமக்குத் தருகின்றது: இந்நூலில் நிலம் உண்டு, அந்நிலத்துக்குரியோர் எங்கே?

இக்கேள்வியோடு முதலில் வரலாற்றை நோக்குவாம். 19ஆம் நூற்றாண்டிற் குடியேறியோர், கண்டத்தின் நடுவே ஓர் உள்நாட்டுக் கடல் இருத்தல் வேண்டுமென நம்பினர். மேற்கு நோக்கி ஓடும் ஆறுகள் எங்கேனும் சென்று சேரத்தானே வேண்டும் என்பது அவர் வாதம். 1844ஆம் ஆண்டு அடிலெயிட் நகரினின்று புறப்பட்ட சாள்ஸ் ஸ்ரேட் என்பார் அக்கடலில் மிதக்கவிடுதற்கென ஒரு படகையும் வண்டியிலேற்றிக்கொண்டு சென்றார். கடல் கிடைத்திலது. வறட்சியின் கொடுமையால் ஒரு நீர்நிலையை விட்டகல முடியாது ஏறக்குறைய ஆறு மாதம் அங்கேயே சிறையிருந்தார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலத்தின் பெரும்பகுதியைக் கடல் மூடியிருந்தது என்பதும், அக்கடல்வாழ் ஊர்வனவற்றின் எலும்புகள் பாலைப் பாறைகளில் இன்றும் கிடைக்கின்றன என்பதும் பிற்கால ஆராய்ச்சியால் விளங்கின. ஸ்ரேட் தேடிய கடல் உண்மையே. அவர் காலந்தாழ்த்து வந்தார்.

படகு கொண்டு சென்ற செய்தி நகைப்புக்குரியதாய்த் தோன்றலாம். அடுத்த செய்தி அத்தகையதன்று. 1860ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 20ஆம் நாள் மெல்போண் நகரினின்று றொபேட் பேர்க், வில்லியம் வில்ஸ் என்போர் பெருங்கூட்டம் ஆரவாரிக்கப் புறப்பட்டனர். கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து மீண்டு வருதல் அவர் நோக்கம். வடகரையின் அண்மையை எய்தித் திரும்பிய அவர்கள், 1861 ஏப்பிரல் 21ஆம் நாள் மாலை, கூப்பர் ஓடைக் கரையிலிருந்த தம் கூடாரத்தை அடைந்தனர். அங்குக் காத்திருந்தோர் அன்று காலையிலேயே அவ்விடம் விட்டு நீங்கியிருந்தனர். பின்னர்ப் பேர்க்கும் வில்சும் அவ்வோடைக்கரையிலேயே மடிந்தனர். உடன்வந்த ஜோன் கிங் என்ற ஒருவன் மட்டும் உயிர் பிழைத்தான்.

இக்கதையை அவுஸ்திரேலியப் பிள்ளைகள் நெடுங்காலம் பாலையின் கொடுமைக்குச் சான்றாகவே படித்தனர். ஆனாற் கதையின் உட்கிடை வேறு. கூப்பர் ஓடை வெறுவெளியன்று. யந்துருவந்தா என்னும் தொல்குடி மக்கள் அங்கு மீன்பிடித்தும், நார்டூ என்னும் நீர்ப்பன்னத்தின் வித்துறையை இடித்து மாவாக்கியும் வாழ்ந்தனர். அவர் வந்தோருக்கு மீனும் நார்டூ அடையும் கொடுத்தனர். பேர்க் அவரை ஐயுற்று, ஒருமுறை துப்பாக்கி வெடித்து வெருட்டினான். அதன்பின் வெள்ளையர் நார்டூவைத் தாமே சேர்த்துத் தமக்குத் தெரிந்தவாறு உண்டனர். உயிர்ச்சத்தை அழிக்கும் பொருளொன்று நார்டூவில் உண்டு. அதனைப் போக்கும் பக்குவம் யந்துருவந்தா மக்கள் கையிலிருந்தது. அயலார் அதனைக் கற்றாரல்லர். வயிறு நிறைய உண்டும் அவர் நாளுக்குநாள் மெலிந்தனர். கிங் அம்மக்களிடமே சென்று அடைக்கலம் புகுந்தான். செப்ரெம்பர் மாதத்தில் தேடிவந்தோர் அவனை அவர் நடுவிலேயே கண்டனர். பேர்க்கும் வில்சும் சோறின்றிச் செத்தனர் என்பதிலும், கேட்டறியும் மனமின்றிச் செத்தனர் என்பதே பொருத்தம். மெல்போண் நகரிற் சிலை எழுந்தது அவ்விருவருக்கே.

இனி இலக்கியத்துக்கு வருவாம். சிட்னி நகரில் வெளிவந்த 'புலெற்றின்' என்னும் வார இதழ் அவுஸ்திரேலியத் தேசிய இலக்கியத்தின் தொட்டில் எனப்படும். 1889ஆம் ஆண்டு அவ்விதழில் 'பான்ஜோ' என்னும் புனைபெயரில் ஏ. பி. பட்டர்சன், கிளான்சி என்ற மந்தையோட்டியைப் பற்றிய செய்யுளை வெளியிட்டார். புழுதி படிந்த நகர அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் ஒருவன், விண்மீன் விரிந்த சமவெளியில் மந்தையோட்டிச் செல்லும் கிளான்சியின் வாழ்வை எண்ணி ஏங்குகின்றான். பட்டர்சன் சிட்னியிற் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தவர் என்பதை அறிந்தால், அவ்வேக்கம் எங்கிருந்து எழுந்தது என்பது விளங்கும். உள்நாடு அங்கு ஓர் உவகைக் கனவு.

1892ஆம் ஆண்டு ஹென்றி லோசன் அதே இதழில் இதனை மறுத்தெழுதினார். உள்நாட்டிற் கண்டது புழுதியும் ஈயும் கடனும் தனிமையுமே என்றார். பட்டர்சன் விடையிறுத்தார், விவாதம் நீண்டது. இருவரும் நட்பு முறையிற் பேசிவைத்தே அவ்விவாதத்தை நடத்தினர் எனப் பட்டர்சன் பிற்காலத்தில் எழுதினார். அவ்வாண்டு யூலை மாதத்திலேயே லோசனின் 'மந்தையோட்டியின் மனைவி' என்ற சிறுகதையும் அவ்விதழில் வெளிவந்தது. இதன்பின்னரே, இதழாசிரியர் கொடுத்த ஐந்து பவுணோடும் ஒருவழிப் புகைவண்டிச் சீட்டோடும் லோசன் வறள்நாட்டின் விளிம்பிலுள்ள பேர்க் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கிருந்து வெயிலிற் கால்நடையாகவே குவீன்ஸ்லாந்து எல்லைவரை சென்று மீண்டார். சிற்றூரின் வறுமையை அவர் பிள்ளைமையிலேயே அறிந்தவராயினும், தமது புகழ்பெற்ற கதையை எழுதிய பின்னரே வறள்நாட்டை நேரிற் கண்டார் என்பது கருதத்தக்கது.

அக்கதை சிறந்த கதை, ஐயமில்லை. கணவன் செம்மறி மந்தையோடு தொலைவிற் போயிருக்கின்றான். நான்கு பிள்ளைகளோடும் ஒரு நாயோடும் இருக்கும் பெண், வீட்டினுள் புகுந்த பாம்பொன்று வெளிப்படும்வரை இரவு முழுதும் விழித்திருக்கின்றாள். அவ்விழிப்பினூடே காட்டுத்தீயும் வெள்ளமும் மந்தை நோயும் குழந்தையின் மரணமும் நினைவாய் வந்து செல்கின்றன. ஞாயிறுதோறும் அவள் தன்னையும் பிள்ளைகளையும் அலங்கரித்து, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு, எவருமில்லாத காட்டுவழியில் உலாவச் செல்வாள் என ஆசிரியர் கூறுமிடம் உயர்ந்தது. மனிதர் மதிப்பது என்ன என்பதை ஒரு தள்ளுவண்டியால் உணர்த்திவிடுகின்றார். மிகைச்சொல் ஒன்றேனும் இல்லை.

ஆயினும் நாம் கேட்கத் தொடங்கிய கேள்வியை இக்கதையிடமும் கேட்டல் வேண்டும். அவள் தனித்திருந்தாள் என்பது கதையின் அடிப்படை. ஆனால், அவள் காய்ச்சலோடு பிள்ளைப்பேற்றுத் துன்பத்திற் கிடந்தபோது கதவருகே தலைநீட்டி நிலைமையை உணர்ந்து, தன் மனைவியாகிய மருத்துவச்சியை அழைத்து வந்தவன் ஒரு தொல்குடியினன். பின்னொருநாள் விறகடுக்கித் தந்தவனும் தொல்குடியினன். உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கி அவளை ஏமாற்றினான். உதவியவரும் ஏமாற்றியவரும் ஆகிய இம்மக்கள் எங்கிருந்து வந்தனர்? எங்கு வாழ்ந்தனர்? அவ்வீடு நிற்கும் நிலம் அவருக்கு என்ன உறவு? கதை கூறாது. அவர் வெள்ளையர் இட்ட பட்டப்பெயர்களோடு தோன்றி மறைகின்றனர். அண்டை அயலார் இருந்தும் அவள் தனியள் எனப்படுகின்றாள். ஏனெனில் அவ்வயலாரை அயலாராய் எண்ணும் வழக்கம் ஆசிரியருக்கும் இல்லை, வாசகருக்கும் இல்லை. தனிமை என்ற சொல்லுக்குள்ளே இவ்வளவு பெரிய விலக்கு அடங்கியிருந்தது. இது லோசன் ஒருவரின் குற்றமெனக் கொள்ளாது, அக்காலத்துப் பொதுக் கண்ணின் குறையெனக் கொள்ளுதல் நேரிது. 2016ஆம் ஆண்டு லீயா பேர்செல் என்ற தொல்குடிப் பெண் நாடகாசிரியர் இக்கதையையே நாடகமாக மாற்றியெழுதி, தொல்குடி ஆடவன் ஒருவனை அவ்வீட்டு முற்றத்தில் முழு மனிதனாக நிறுத்தினார். மூலக்கதை விட்டுவைத்த வெற்றிடம் எங்கே உள்ளது என்பதை அந்நாடகம் கைதொட்டுக் காட்டியது.

அடுத்து நோக்கவேண்டியது பற்றிக் வைற் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட 'வொஸ்' என்னும் நாவல். 1973ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற இவ்வாசிரியரின் நூல்களுள் இதுவே உள்நாட்டை நேரே பொருளாகக் கொண்டது. 1844, 1845ஆம் ஆண்டுகளிற் கண்டத்தின் வடகிழக்கைக் கடந்து புகழெய்தி, 1848ஆம் ஆண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டு, உடன்சென்றாரோடு சுவடின்றி மறைந்த ஜேர்மானியராகிய லுட்விக் லைஹார்ட் என்பாரின் வரலாறே நாவலுக்கு வித்து. அவர் பெயர் பொறித்த சிறு பித்தளைத் தகடொன்று 1900ஆம் ஆண்டளவில், எரிந்த துப்பாக்கியொன்றிற் பொருந்தியவாறு மேற்குப் பாலையில் அகப்பட்டது. அது மெய்யானதே என அவுஸ்திரேலியத் தேசிய நூதனசாலை 2006ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. ஆயினும் அவர் முடிவு இன்றும் தெரியாத ஒன்று.

வரலாறு வாய்மூடிய அவ்விடத்திலேயே வைற் தம் கற்பனையைத் தொடங்குகின்றார். வொஸ் செருக்கின் உருவம். தன்னைத் தானே தெய்வமாக்கிக்கொள்ளும் வேட்கையே அவனைப் பாலைக்கு ஈர்க்கின்றது. சிட்னியில் அவனைச் சிலமுறையே சந்தித்த லோறா திறெவெலியன் என்ற பெண், கடிதங்களாலும் பின்னர்க் கனவு போன்ற உள்ளத் தொடர்பாலும் அவனோடு பயணஞ் செய்கின்றாள். நீரும் உணவும் துணைவரும் ஒவ்வொன்றாய் நீங்க, அவன் செருக்கும் நீங்குகின்றது. தலைகொய்யப்படும் வேளையில் அவன் தாழ்மையை அறிந்த மனிதனாகின்றான். இரண்டாம் உலகப்போரில் எகிப்து, லிபியா நாடுகளின் பாலைகளில் விமானப்படை உளவுப் பிரிவிற் பணியாற்றிய காலத்தே இக்கதை தம்முள்ளத்தில் வளர்ந்தது எனவும், அக்காலத்துக் கொடுங்கோலனின் நிழல் வொஸின் மேல் விழுந்தது எனவும் வைற் தாமே எழுதியுள்ளார். எனவே நாவலிற் காணப்படும் பாலை அவுஸ்திரேலியப் பெயர் தாங்கிய ஓர் ஆன்மப் பாலை. அவ்வளவில் அதன் வெற்றி பெரிது. மனிதன் தன்னைத் துறந்தாலன்றித் தன்னை அறியான் என்ற கருத்து, சைவ மரபிற் பயின்ற நமக்குப் புதியதன்று. ஆணவம் தேயத் தேய ஒளி மிகும் என்பதை நாம் வேறு மொழியிற் கற்றிருக்கின்றோம். ஆதலின் வொஸின் வீழ்ச்சியை நாம் எளிதில் உணர்கின்றோம்.

எனினும், ஒருவன் தன்னை அறிதற்கு இடமாக ஒரு நிலத்தைக் கொள்ளுமிடத்து, அந்நிலத்து மக்கள் யாது ஆகின்றனர்? டுகால்ட் என்ற முதியவனும் ஜக்கி என்ற சிறுவனும் வழிகாட்டிகளாய்ச் செல்கின்றனர். வொஸ் கொடுத்த கடிதங்களைச் சுமந்து திரும்பும் டுகால்ட், வழியில் தன் இனத்தாரைக் கண்டபோது, வெள்ளையரின் துயரங்கள் அத்தாள்களில் அடைபட்டுக் கிடக்கின்றன எனக் கருதி, அவற்றைக் கிழித்துக் காற்றிற் பறக்கவிடுகின்றான். நாவலின் சிறந்த காட்சிகளுள் இது ஒன்று. எழுத்தே அறிவு என்னும் எண்ணத்தை ஆசிரியர் ஈண்டு மெல்ல நகையாடுகின்றார். ஜக்கியே வொஸின் தலையைக் கொய்பவன். பின்னர் அவன் சித்தம் கலங்கிப் பாலையில் அலைகின்றான். உண்மையைத் தேடிவந்த கர்னல் ஹெப்டன் அவனைக் காணாமலே திரும்புகின்றான். நடந்ததை அறிந்த ஒரே சாட்சி, கேட்பாரின்றிச் சதுப்பில் மறைகின்றான். நகரத்திலோ, பிழைத்து மீண்ட ஜட் என்பவனின் தடுமாறிய நினைவைக்கொண்டு வொஸ் வீரனாக்கப்படுகின்றான், சிலை திறக்கப்படுகின்றது. பேர்க், வில்ஸ் இருவரின் வரலாற்றை அறிந்தோருக்கு இக்காட்சியின் கூர்மை நன்கு விளங்கும். சிலைக்குப் பின்னே ஒரு செவிடு உண்டு என்பதை வைற் அறிந்திருந்தார்.

அறிந்தும், அவர் அப்பால் சென்றாரல்லர். டுகால்டும் ஜக்கியும் வொஸின் ஆன்மக் கதைக்கு வேண்டிய அளவுக்கே வாழ்கின்றனர். அவர் உள்ளம் நமக்குத் திறப்பதேயில்லை. திறக்குமிடத்தும் அச்சமும் மாயமும் கலந்த புகையே தெரிகின்றது. நீர் எங்கே ஊறும், எக்கிழங்கு எப்பருவத்தில் முதிரும், எவ்வழி எவ்வூருக்குரியது என அவர் அறிந்த அறிவு நாவலில் இடம்பெறவில்லை. வொஸின் துன்பத்துக்குப் பாலை வெறுமையாய் இருத்தல் வேண்டும். ஆதலின் ஆசிரியர் அதனை வெறுமையாக்கினார். முதற்பொருள் பேருருவெடுத்தது, கருப்பொருள் நிழலாயிற்று. உரிப்பொருளும் வந்தவனுடையதே, இருந்தவனுடையதன்று.

இது நாவலாசிரியரின் உரிமையன்றோ எனச் சிலர் வினவலாம். உரிமையே. ஆயினும் அந்நாவல் வெளிவந்த 1957ஆம் ஆண்டில் அதே உள்நாட்டில் நிகழ்ந்தது யாது என்பதை அவர் கருதுதல் வேண்டும். தென் அவுஸ்திரேலியாவின் மரலிங்கா என்னும் இடத்தில் பிரித்தானிய அரசு 1956, 1957ஆம் ஆண்டுகளில் ஏழு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. நச்சுப்பொருள்களைச் சிதறடித்த சிறு சோதனைகள் 1963ஆம் ஆண்டுவரை நடந்தன. இவ்விடத்தைத் தெரிந்தமைக்குக் கூறிய காரணம், அங்கு எவருமில்லை என்பதே. மிகப் பரந்த அப்பாலையில் மக்களைத் தேடி விலக்குதற்கு அமர்த்தப்பட்டவர் ஓரிரு அலுவலரே. 1957 மே மாதத்தில், முன்னே குண்டு வெடித்த பள்ளத்தருகே தொல்குடிக் குடும்பமொன்று தங்கியிருக்கக் காணப்பட்டது. அவர் தம் வழக்கமான வழியில் நடந்து வந்தவர். 1984, 1985ஆம் ஆண்டுகளில் விசாரித்த அரச ஆணைக்குழு, அம்மக்களின் பாதுகாப்புக்கு வேண்டிய கவனம் செலுத்தப்படவில்லை என முடிவுசெய்தது. குண்டு வெடித்தோர் லோசனையோ வைற்றையோ படித்து அவ்விடத்தைத் தெரிந்தனர் என நாம் கூறவரவில்லை. 'ஆளில்லா நிலம்' என்ற சொல்லை ஒரு சமுதாயம் நூறாண்டு பாடியும் படித்தும் பழகிவிட்டால், அச்சொல்லை அரசின் கோப்பிற் காணும்போது எவரும் திடுக்கிடார் என்பதையே கூறுகின்றோம். சட்டமும் நெடுங்காலம் அக்கொள்கையையே பற்றிநின்றது. 1992 யூன் 3ஆம் நாள் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, குடியேற்றத்துக்கு முன் அந்நிலம் உரியோரற்றுக் கிடந்தது என்ற கொள்கை வீழ்ந்தது.

ஆளில்லாததெனப்பட்ட அந்நிலத்தில் மனிதர் 45,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தமைக்குத் தொல்லியற் சான்றுகள் உள. அவருக்கு இலக்கியமும் இருந்தது. 1908ஆம் ஆண்டு நடு அவுஸ்திரேலியாவில் ஹேமன்ஸ்பேர்க் என்னும் லுத்தரன் சமயப்பணி நிலையத்தில் பிறந்து, அரந்தா மொழியைப் பிள்ளைமையிலேயே பேசி வளர்ந்த ரி. ஜி. எச். ஸ்திரெலோ, 1971ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் அம்மக்களின் பாடல்களை யாப்பும் சந்தமும் சொல்லும் பற்றி ஆராய்ந்தார். நாட்பேச்சினின்று வேறுபட்ட பழஞ்சொற்களால், வரையறுத்த சந்தத்தில், தலைமுறை தலைமுறையாய் வாய்மொழியிற் காக்கப்பட்ட செய்யுட்கள் அவை என நிறுவினார். கிரேக்க, வட ஐரோப்பியப் பழம்பாடல்களோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு பாடலும் ஒரு நீரூற்றோடு, ஒரு பாறையோடு, ஒரு வழியோடு பிணைந்தது. பாடலை அறிந்தவன் வழியை அறிவான். லோசனும் வைற்றும் ஒலியின்றிக் கண்ட நிலம், உண்மையிற் பாட்டால் நிறைந்திருந்தது.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நினைவிற் கொள்ளத்தக்க வேறொரு செய்தியும் உண்டு. அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பப்புன்யா என்ற குடியிருப்புக்கு 1971ஆம் ஆண்டு ஜெப்றி பார்டன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். பிள்ளைகள் மணலில் விரலாற் கீறும் வடிவங்களை அவர் கண்டார். நகரத்துப் படங்களைப் பார்த்தெழுதுமாறு வற்புறுத்தாமல், அவ்வடிவங்களையே எழுத ஊக்கினார். அது கண்டு ஊர்ப் பெரியோர் முன்வந்து, தேனெறும்பின் பழங்கதையைப் பாடசாலைச் சுவரில் தீட்டினர். பின்னர் அவ்வோவியம் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. ஆனால் அதிலிருந்து பிறந்த ஓவிய இயக்கம் உலகெங்கும் பரவியது. புறத்தார்க்குப் புள்ளியும் வளையமுமாய்த் தோன்றும் அவ்வோவியங்கள் நீர்நிலையும் தங்குமிடமும் முன்னோர் சென்ற வழியுமாம். மறைபொருள் வெளிப்படலாகாது என்பதற்காகச் சிலவற்றை மூடியெழுதும் வழக்கமும் அவரிடையே உண்டு. எல்லாம் எல்லாருக்கும் விளங்கவேண்டுவதில்லை என்ற அடக்கத்தைத் திறனாய்வாளனும் இங்கே கற்கலாம்.

வந்தோர் எழுதிய நூல்களுள் இவ்வடக்கத்தை அணுகியதொன்றையும் குறிப்பிடுதல் நீதி. றொபின் டேவிட்சன் என்ற இளம்பெண் 1977ஆம் ஆண்டு நான்கு ஒட்டகங்களோடும் ஒரு நாயோடும் அலிஸ் ஸ்பிறிங்ஸ் அயலினின்று இந்துமாகடற் கரைவரை ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் நடந்தார். அவ்வநுபவத்தை 'தடங்கள்' என்ற பொருள்படும் பெயரில் 1980ஆம் ஆண்டு நூலாக்கினார். தனிமையை நாடியே அவரும் புறப்பட்டார். இதில் அவர் வொஸின் வழியினரே. ஆனால் நடுவழியில் எடி என்ற பித்யந்தயாரா முதியவர் சில வாரம் உடன் நடக்கின்றார். ஒருவர் மொழி மற்றவருக்குச் செவ்வனே தெரியாது. கிலோமீற்றர்க் கணக்கும் நாட்கணக்கும் போட்டுக்கொண்டிருந்த பெண், முதியவரின் நடைக்குத் தன் நடையை இசைத்துக்கொள்ளும்போது, நிலம் அவருக்கு வெளியாய் இருந்து இடங்களாய் மாறுகின்றது. நூலின் உயிர் அப்பகுதியே. சொல்வளத்தில் அது 'வொஸ்' நாவலுக்கு ஈடாகாது. ஆனால் வொஸ் இறக்கும்வரை செய்யாத ஒன்றை அவர் செய்தார்: உடன் நடந்தவரிடம் கேட்டார். அவ்வொட்டகங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டிற் பலுச்சிஸ்தானம், சிந்து, பஞ்சாப் முதலிய இடங்களினின்று வந்து, 'ஆப்கானியர்' என ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஒட்டகக்காரரே உள்நாட்டுக்குத் தந்திக் கம்பியும் மாவும் சுமந்தனர். அவரும் ஆங்கில இலக்கியத்தின் பின்புறத்திலேயே நின்றனர்.

தொகுத்து நோக்குவாம். பட்டர்சன் உள்நாட்டைக் கனவாகவும், லோசன் துன்பமாகவும், வைற் தவக்களமாகவும் கண்டனர். மூவர் கலையும் உயர்ந்ததே. லோசனின் சொற்சிக்கனத்தையும் வைற்றின் ஆன்ம நோக்கையும் குறைத்து மதிப்பிடுவோர் இழப்பது தம் இன்பத்தையே. ஆயினும் மூவரும் ஒரே ஏட்டின் வெற்றுத்தாளில் எழுதுவதாக எண்ணினர். அத்தாளில் முன்னரே நுண்ணிய எழுத்து நிறைந்திருந்தது. அதனைப் படிக்கத் தெரியாமை மன்னிக்கத்தக்கது. எழுத்தே இல்லை என்றது மன்னித்தற்கு அரிது.

நம் வகுப்பறைச் சுவரிலும் அவுஸ்திரேலியப் படம் தொங்குகின்றது. அதன் நடுவிடம் பெயர்கள் அருகி, மங்கிய மஞ்சள் நிறம் தீட்டப்பட்டுள்ளது. மாணவன் அவ்விடத்தைச் சுட்டி, அங்கு என்ன இருக்கின்றது என வினவுவான். 'ஒன்றுமில்லை, பாலைவனம்' என்று விடையிறுத்தல் எளிது; இக்கட்டுரையாளரும் பல்லாண்டு அவ்வாறே விடையிறுத்தவர். 1984ஆம் ஆண்டுவரை புற உலகோடு தொடர்பின்றி அம்மஞ்சள் நிறத்தின் நடுவே பிந்துபிக் குடும்பமொன்று, ஒன்பதின்மராய், நீர்நிலைக்கு நீர்நிலை நடந்து வாழ்ந்தது என்பதைப் படித்தறிந்த பின் அவ்விடை நாவில் எழவில்லை. லோசனையும் வைற்றையும் நம் மாணவர் படிக்கட்டும். படிக்கும்போது, விறகடுக்கியவன் எங்கிருந்து வந்தான், ஜக்கி எங்கே போனான் என்று அவர் கேட்கவும் பழகட்டும். அக்கேள்விக்கு அந்நூல்களில் விடையில்லை எனினும், கேள்வி எழுந்த அளவில் அந்நிலம் ஆளுடைய நிலமாகிவிடும்.